சென்னையில இருந்து வேளாங்கண்ணிக்கு சைக்கிள்ல திருப்பயணம்: தயாராகுறதுல இருந்து வீடு திரும்புற வரைக்கும் முழு வழிகாட்டி

ஆகஸ்ட் பாதிக்கு மேல ஈசிஆர்ல போனா காவி டிரெஸ்ஸும் தோள்ல துண்டும் கையில ஜெபமாலையுமா வேளாங்கண்ணிக்கு நடந்து போறவங்களை வரிசையா பாக்கலாம். அதே ரோட்ல சைக்கிள்லயும் ஆளுங்க போறாங்க. அத்தனை நாள் லீவு கிடைக்காதவங்க, நடந்தா முட்டி தாங்காதவங்க, இல்ல சைக்கிள்ல வர்றேன்னே மாதாகிட்ட நேர்ந்துக்கிட்டவங்க. இப்படி முதல் தடவை கிளம்புறவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன், கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

ஒரு விஷயத்தை முதல்லயே சொல்லிடணும். கஷ்டப்பட்டாதான் நேர்த்திக்கடன், அதனால எந்த தயாரிப்பும் வேணாம், எப்படியோ போய்ச் சேர்ந்துடலாம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. எனக்கு இதுல உடன்பாடே இல்ல. சீட் உயரம் சரியில்லாம முட்டி வலிக்க ஆரம்பிச்சா நாள் பூரா அந்த முட்டியைப் பத்திதான் நினைப்பு ஓடும், ஜெபம் எங்க வரும்? 300 கிலோமீட்டர் வெயில்ல மிதிக்கிறதுலயே போதுமான தவம் இருக்கு, அதுக்கு மேல நம்ம அஜாக்கிரதையையும் சேர்த்து காணிக்கைன்னு வைக்கக் கூடாது. லைட் இல்லாம ராத்திரில ஓட்டிட்டு மாதா பாத்துக்குவாங்கன்னு சொல்றது விசுவாசம் கிடையாது. கோயில் உச்சியில இருந்து குதி, தூதர்கள் தாங்கிக்குவாங்கன்னு சாத்தான் சொன்னப்போ, கடவுளை சோதிக்காதேன்னுதான் ஆண்டவர் பதில் சொன்னார், மத்தேயு 4ஆம் அதிகாரம் எடுத்துப் பாருங்க. செயினுக்கு எண்ணெய் விடுறதுல இருந்தே திருப்பயணம் ஆரம்பிச்சிடுதுன்னு நினைச்சுக்கோங்க.

எப்போ போகலாம்

திருவிழா ஆகஸ்ட் 29 சாயங்காலம் கொடியேத்தத்தோட ஆரம்பிச்சு செப்டம்பர் 8, மாதா பிறந்தநாள் அன்னைக்கு முடியும். கொடியேத்தத்துக்குப் போய்ச் சேரணும்னா ஆகஸ்ட் 25 காலைல கிளம்பினா சரியா இருக்கும், நான் கீழ சொல்ற 5 நாள் கணக்குல 29 காலைலயே உள்ள இருப்பீங்க. இந்த சீசன்ல போறதுல ஒரு பெரிய வசதி, ரோடு முழுக்க துணைக்கு ஆள் இருக்கும், தண்ணிப் பந்தல் இருக்கும். கஷ்டம் என்னன்னா லட்சக்கணக்குல கூட்டம், ரூம் கிடைக்காது. அமைதியா ஜெபிச்சிட்டு வரணும்னு ஆசைப்படுறவங்க ஜனவரி கடைசி, பிப்ரவரில போங்க, வெயிலும் தாழ்வா இருக்கும், தவக்காலமும் ஒட்டி வரும். அக்டோபர் நடுவுல இருந்து டிசம்பர் வரைக்கும் மட்டும் வேணாம், வடகிழக்குப் பருவமழை, புயல், அந்தக் கரையோர ரோட்ல சைக்கிளுக்கு இடமே இல்ல.

சைக்கிள்

புதுசு வாங்க வேண்டியதில்ல. கேரியர் வெச்ச பழைய சாதா சைக்கிள்லயே போனவங்களை எனக்குத் தெரியும், நல்லாதான் போனாங்க. கியர் சைக்கிள் இருந்தா சவுகரியம், அவ்வளவுதான், இந்த ரூட்ல மலை கிடையாது, பாலம் ஏறுறதுதான் ஏத்தம். என்ன சைக்கிளா இருந்தாலும் கிளம்புறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே கடையில விட்டு ஓவராயில் பண்ணிடுங்க, முந்தின நாள் பண்ணாதீங்க. புதுசா மாத்துன பிரேக் கட்டை, கேபிள் எல்லாம் கொஞ்சம் ஓடினாதான் செட் ஆகும், லூஸ் ஆனா திரும்ப டைட் வைக்க டைம் வேணும். டயர் ஓரத்துல வெடிப்பு இருந்தா யோசிக்காம மாத்திடுங்க.

சீட் உயரம் பாக்குறது எப்படின்னா, செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு சீட்ல உக்காருங்க, பெடல் கீழ வர்றப்போ குதிகாலை அது மேல வைங்க, கால் நேரா நீளணும். மிதிக்கிறப்போ பாதத்தோட முன்பகுதியிலதான மிதிப்பீங்க, அப்போ முட்டி லேசா மடங்கி இருக்கும், அதுதான் சரியான உயரம். முட்டிக்கு முன்னாடி வலிச்சா பெரும்பாலும் சீட் தாழ்வா இருக்குன்னு அர்த்தம், முட்டிக்குப் பின்னாடி இழுத்தா உயரம் ஜாஸ்தி.

எடுத்துட்டுப் போக வேண்டியது: ரெண்டு ஸ்பேர் டியூப், பஞ்சர் ஒட்டுற செட், கைப் பம்ப், ஸ்பேனர், அலன் கீ செட், சின்ன டப்பால எண்ணெய். பழைய மாடல் வால்வா இருந்தா கூடவே ஒரு ரூபாய் ரெண்டு ரூபாய்க்கு வர்ற வால்டியூப், அதான் வால்வ் மேல மாட்டுற சின்ன ரப்பர் குழாய், நாலஞ்சு போட்டுக்கோங்க. பஞ்சர்னு நினைச்சு டயரைக் கழட்டி டியூபைத் தண்ணில முக்கிப் பாத்தா ஓட்டையே இருக்காது, வால்வ் முனையில எச்சில் தொட்டு வெச்சா அங்க குமிழி வரும், அந்த ரப்பர்தான் பிஞ்சு போயிருக்கும். மாத்துறது அரை நிமிஷ வேலை.

முன்னாடி வெள்ளை லைட், பின்னாடி சிவப்பு லைட், மேல ரிஃப்ளெக்டர் ஜாக்கெட், தலையில ஹெல்மெட். இந்த நாலும் இல்லாதவங்களை குரூப்ல சேக்காதீங்க, எவ்வளவு வேண்டியவங்களா இருந்தாலும் சரி. முதுகுல பேக் மாட்டாதீங்க, இடுப்பு போயிடும், எல்லாம் கேரியர்லயே கட்டுங்க. மாதா கொடி கட்டுறவங்க சின்னதா கட்டுங்க, பெரிய கொடி எதிர்காத்துல இழுக்கும், பின்னாடி வர்றவங்களுக்கு ரோடும் மறைக்கும். மாதா சுரூபம், அதாவது சிலை, கொண்டு போறதா இருந்தா ஹேண்டில்ல கட்டினா ஸ்டியரிங் ஆடும், கூட வேன் வந்தா அதுல வைக்கிறதுதான் மரியாதை, பாதுகாப்பும் கூட.

உடம்பு

ரெண்டு மாசம் முன்னாடி ஆரம்பிங்க. வாரத்துல மூணு நாள் காலைல ஒரு மணி நேரம், ஞாயித்துக்கிழமை பூசை முடிச்சிட்டு ஒரு லாங் ரைடு. லாங் ரைடை 30 கிலோமீட்டர்ல ஆரம்பிச்சு வாரா வாரம் 5, 10ன்னு ஏத்தி 70 வரைக்கும் கொண்டு வாங்க. அதைவிட முக்கியம், கடைசி மாசத்துல ஒரு வாட்டியாவது சனி, ஞாயிறு ரெண்டு நாளும் அடுத்தடுத்து 50 ஓட்டிப் பாருங்க, ஏன்னா திருப்பயணத்துல கஷ்டம் முதல் நாள் தெரியாது, ரெண்டாவது நாள் காலைல திரும்ப சீட்ல உக்காரும்போதுதான் தெரியும். கடைசி வாரம் ரெஸ்ட். சுகர், பிரஷர், நெஞ்சுவலி, ஆஸ்துமா இருக்கிறவங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் பேர் கொடுக்கணும். சுகர் மாத்திரை, இன்சுலின் எடுக்கிறவங்க கூட வர்றவங்ககிட்ட கண்டிப்பா சொல்லி வைங்க, பாக்கெட்ல குளுக்கோஸ் இருக்கட்டும்.

விரதம் பத்தி ஒரு வார்த்தை. கறி, மீன் தொடாம போறது நல்ல வழக்கம், நானும் அப்படித்தான். ஆனா பட்டினியா ஓட்டாதீங்க. திருச்சபை சட்டப்படி கட்டாய நோன்பு நாள் திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் மட்டும்தான், சைக்கிள் மிதிக்கிறப்போ பட்டினி கிடன்னு உங்களை யாரும் சொல்லல. காலைல ரெண்டு மணி நேரம் ஓட்டினதும் இட்லி, நடுவுல வாழைப்பழம், கடலை மிட்டாய், மத்தியானம் மோர் சாதம், அரை மணிக்கு ஒருக்கா நாலு மடக்கு தண்ணி. வெறும் தண்ணியா குடிச்சுட்டே இருந்தா உப்பு குறைஞ்சு தலை சுத்தும், ஓ.ஆர்.எஸ் பாக்கெட் ஒரு நாளைக்கு ரெண்டாவது கலந்து குடிங்க. உக்கார்ற இடத்துல புண்ணு வர்றதுதான் நிறைய பேரைப் பாதில பஸ் ஏத்துது, கிளம்புறதுக்கு முன்னாடி தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுங்க, தையல் உறுத்தாத பேடு வெச்ச ஷார்ட்ஸ் உள்ள போட்டு மேல காவி வேட்டியோ பேன்ட்டோ போட்டுக்கலாம், வேட்டியை நல்லா தூக்கிக் கட்டுங்க, செயின்ல மாட்டும்.

மனசு

கிளம்புறதுக்கு முந்தின வாரம் ஃபாதர்கிட்ட போய் பாவத்தைச் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணிடுங்க. யாரோடயாவது பேச்சுவார்த்தை இல்லாம இருந்தா போன் பண்ணிடுங்க, இதை சைக்கிள் சர்வீஸைவிட பெரிய வேலைன்னு நான் சொல்லுவேன். உங்க பங்கு ஃபாதர்கிட்ட போய் ஆளையும் சைக்கிளையும் மந்திரிக்கச் சொல்லுங்க, கையோட ஒரு அறிமுகக் கடிதமும் வாங்குங்க, பேர், பங்கு, எத்தனை பேர், எந்தத் தேதின்னு. வழியில ராத்திரி தங்க கோயில் வளாகத்துல இடம் கேக்குறப்போ அந்தக் கடிதம்தான் பேசும். முன்னாடியே போன்ல கேட்டுட்டுப் போங்க, திடீர்னு ராத்திரி எட்டு மணிக்குப் போய் நின்னா அவங்களுக்கும் சங்கடம்.

சைக்கிள் ஓட்டுறவங்களுக்குன்னே ஒரு மாதா இருக்காங்க, இத்தாலில கோமோ ஏரிப் பக்கம் கிசல்லோன்னு ஒரு மலை மேல சின்ன கோயில், 1949ல திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் அந்த மாதாவை சைக்கிள்காரங்களுக்குப் பாதுகாவலியா அறிவிச்சாரு. அதே நாட்டுக்காரர் ஜீனோ பார்த்தலி, 1938லயும் 1948லயும் டூர் தெ பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்துல ஜெயிச்சவரு, ரொம்ப பக்தியான கத்தோலிக்கர். ரெண்டாம் உலகப் போர்ல ட்ரெயினிங் போற மாதிரி ஃப்ளாரன்ஸுக்கும் அசிசிக்கும் நடுவுல சைக்கிள் ஓட்டிட்டு, ஃபிரேம் குழாய்க்குள்ள யூதர்களைக் காப்பாத்துறதுக்கான போலி அடையாளப் பத்திரங்களை ஒளிச்சு வெச்சு கொண்டு போனவரு. அதைப் பத்தி வெளிய பெருசா பேசிக்கவே இல்ல. இதை ஏன் சொல்றேன்னா, இப்போ ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஸ்டேட்டஸ் போடுற பழக்கம் வந்துடுச்சு. போட்டோ எடுங்க, வேணாம்னு சொல்லல, வீட்டுக்கு ஒரு மெசேஜ் கண்டிப்பா போடுங்க, ஆனா நாள்ல ஒரு தடவை போனை எடுத்தா போதும்.

ஒரு சின்ன நோட்டுல யார் யாருக்காக ஜெபிக்கணுமோ அவங்க பேரை எழுதிக்கோங்க. வரமுடியாத பாட்டி, டயாலிசிஸ்ல இருக்கிற பக்கத்து வீட்டு அண்ணன், வேலை கிடைக்காத தம்பின்னு கேட்டு கேட்டு எழுதுங்க. காலைல கிளம்பும்போது அன்னைக்கு உண்டான பேர்களை சத்தமா வாசிச்சிட்டு ஏறுங்க, அப்போ மிதிக்கிறதுக்கு ஒரு காரணம் இருக்கும்.

ரூட், நாள் கணக்கு

பெசன்ட் நகர் மாதா கோயில்ல இருந்து வேளாங்கண்ணி சுமாரா 310, 320 கிலோமீட்டர். மூணு நாள்ல முடிக்கிறவங்க உண்டு, முதல் தடவைக்கு நான் 5 நாள்தான் சொல்லுவேன். காலைல 5 மணிக்கு லைட் போட்டுக் கிளம்பி 10 மணிக்குள்ள முக்கால்வாசி தூரத்தை முடிச்சிடணும், ஏன்னா மத்தியானத்துக்கு மேல கடல்காத்து தென்கிழக்குல இருந்து முகத்துல அடிக்கும், தெக்கு நோக்கிப் போறவங்களுக்கு அது சுவரு மாதிரி. மிச்சத்தை சாயங்காலம் 4 மணிக்கு மேல ஓட்டி இருட்டுறதுக்குள்ள நிறுத்திடுங்க.

முதல் நாள் கோவளம், மாமல்லபுரம் தாண்டி கல்பாக்கம் பக்கம் வரைக்கும், சுமார் 65. மாமல்லபுரம் வரைக்கும் கார், பைக் வேகமா பறக்கும், சனி ஞாயிறுல கிளம்பாதீங்க. கோவளத்துல கார்மேல் மாதா கோயில் கடலை ஒட்டி இருக்கு, காலைல முதல் நிறுத்தம் அங்க வெச்சுக்கலாம். ரெண்டாவது நாள் மரக்காணம் வழியா புதுச்சேரி, சுமார் 80. மரக்காணம் உப்பளம் வர்ற இடத்துல நிழலே கிடையாது, அதை வெயில் ஏறுறதுக்கு முன்னாடி தாண்டுற மாதிரி கணக்கு பண்ணுங்க. புதுச்சேரில ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துல இருதய ஆண்டவர் பசிலிக்கா இருக்கு, சாயங்கால பூசை கேட்டுட்டுப் படுக்கலாம். மூணாவது நாள் கடலூர் வழியா சிதம்பரம், சுமார் 70. இங்க இருந்து புது நாலுவழி ரோடும் ஊருக்குள்ள போற பழைய ரோடும் மாறி மாறி வரும், நாலுவழில ஓர வெள்ளைக் கோட்டுக்கு வெளிய போங்க, வேலை நடக்கிற இடத்துல ஜல்லி கிடக்கும், இறங்கித் தள்ளிடுங்க.

நாலாவது நாள்தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச நாள். சிதம்பரம் தாண்டி கொள்ளிடம் பாலம், சீர்காழி, திருக்கடையூர், தரங்கம்பாடி, அப்புறம் காரைக்கால், சுமார் 70 வரும். ரெண்டு பக்கமும் வயல், காத்துல சேத்து வாசனை. கொள்ளிடத்துல தண்ணியைப் பாத்துட்டு குளிக்க மட்டும் இறங்காதீங்க, மணல் எடுத்த பள்ளம் வெளிய தெரியாது. தரங்கம்பாடில ஒரு மணி நேரமாவது நில்லுங்க. 1706 ஜூலை 9ல ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு வந்து இறங்கின கரை அது. தமிழ்ல புதிய ஏற்பாட்டை 1715ல அச்சடிச்சு முடிச்சது இந்த ஊர்லதான், அவர் கட்டின புது எருசலேம் ஆலயம் 1718ல இருந்து நிக்குது, அவரையும் அதுக்குள்ளதான் அடக்கம் பண்ணியிருக்காங்க. அவர் லுத்தரன், நாம கத்தோலிக்கர், அதனால என்ன, நாம இன்னைக்கு தமிழ்ல வாசிக்கிற வேதத்துக்கு அவர் பட்ட பாடு கொஞ்சமில்ல, உள்ள போய் ஒரு நன்றி சொல்லிட்டு வாங்க.

அஞ்சாவது நாளுக்கு 30 கிலோமீட்டர்தான் மிச்சம், நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி. வேணும்னேதான் இப்படிப் பிரிச்சிருக்கேன். நாலு நாள்ல முடிக்கணும்னு கடைசி நாள் 100 மிதிச்சா ராத்திரி செத்த உடம்போட போய் விழுவீங்க, மாதாவை நிமிர்ந்து பாக்கக்கூட தெம்பு இருக்காது. காலைல 8 மணிக்கெல்லாம் போய்ச் சேர்ந்து, குளிச்சிட்டு, தூக்கம் வராம முழுப் பூசை கேக்குறதுக்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தது.

ஓட்டும்போது

குரூப் 6ல இருந்து 10 பேர் வரைக்கும் இருந்தா நல்லது. ஒத்தை வரிசைதான், ரெண்டு பேர் ஜோடியா பேசிட்டே போகக்கூடாது. முன்னாடி அனுபவசாலி ஒருத்தர், கடைசியில விசில் வெச்சுக்கிட்டு ஒருத்தர், நடுவுல மெதுவா வர்றவங்க. வேகம் எப்பவுமே கடைசி ஆளோட வேகம்தான், 15 கிலோமீட்டர் போதும்.

ஜெபமாலை சொல்றதுக்கு ஒரு வழி இருக்கு. கையில மணி உருட்டிக்கிட்டு ஹேண்டில் பிடிக்கக் கூடாது, இயர்போனும் கூடாது, லாரி ஹாரன் கேக்காது. ஹைவேஸ்ல கிலோமீட்டர் கல்லுக்கு நடுவுல 200 மீட்டருக்கு ஒரு சின்னக் கல் நட்டு வெச்சிருப்பாங்க, 2, 4, 6, 8ன்னு நம்பர் போட்டிருக்கும். கல்லுக்கு ஒரு அருள் நிறைந்த மரியே. பெரிய கல்லையும் சேர்த்தா கிலோமீட்டருக்கு அஞ்சு, ரெண்டு கிலோமீட்டர்ல ஜெபமாலையோட பத்து மணி முடிஞ்சிடும், பத்து கிலோமீட்டர்ல அஞ்சு மறையுண்மையும், அதாவது அஞ்சு பத்து மணியும், முடிஞ்சிடும். மெதுவா போற வேகத்துல ஒரு மந்திரத்துக்கு 45 நொடிக்கு மேல கிடைக்கும், அவசரமே இல்லாம வார்த்தை வார்த்தையா சொல்லலாம், வீட்ல ஒரு நாளும் அப்படி சொல்லியிருக்க மாட்டோம். கல் இல்லாத இடத்துல மூச்சுக் கணக்குல சொல்லுங்க. டிராஃபிக்ல, பாலத்துல, ஊருக்குள்ள ஜெபத்தை நிறுத்திட்டு ரோட்டைப் பாருங்க. எல்லாரும் சேர்ந்து சத்தமா சொல்றது நிறுத்துற இடத்துல வெச்சுக்கலாம். வேன்ல ஸ்பீக்கர் கட்டினா ஊருக்குள்ளயும் ஆஸ்பத்திரி பக்கமும் அணைச்சிடுங்க, விடியக்காலைல தூங்குறவங்களை எழுப்பி மாதா பாட்டு கேக்க வைக்க வேணாம்.

வழியில யாராவது எதாவது கொடுத்தா வாங்கிக்கோங்க. இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா சைக்கிள்ல போறவங்க இதைத்தான் அதிகம் தவற விடுறாங்க, வேகமா தாண்டிப் போயிடுறாங்க. ஒரு அம்மா வீட்டு வாசல்ல நின்னு கை காட்டுவாங்க, கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிப் போட்ட மோர் குடத்துல இருக்கும், சொம்புல மொண்டு நீட்டுவாங்க, நெத்தியில குங்குமம் இருக்கும், என் பேரனுக்காக ஒரு மெழுகுவத்தி ஏத்திடுங்கன்னு பத்து ரூபாயைக் கையில திணிப்பாங்க. பிரேக் பிடிங்க. வேளாங்கண்ணி வரலாறே அங்க நடுத்திட்டுங்கிற இடத்துல மோர் வித்த கால் ஊனமான பையன்கிட்ட மாதா தன் குழந்தைக்காக மோர் கேட்டதைச் சொல்றதுதானே. அந்த அம்மா பேரனோட பேரைக் கேட்டு நோட்டுல எழுதிக்கோங்க, அந்தப் பத்து ரூபாயை உங்க காசோட கலக்காம தனியா வைங்க, மெழுகுவத்தியை மறக்காம ஏத்துங்க. நாகூர் பக்கம் முஸ்லிம் வீடுகள்ல தண்ணி கேட்டாலும் இன்முகமா கொடுப்பாங்க. நீங்களும் நடந்து போறவங்களைத் தாண்டுறப்போ மணி அடிச்சு ஒதுங்கச் சொல்லாதீங்க, நீங்கதான் ஒதுங்கணும், தைலம், பேண்டேஜ் உபரியா இருந்தா நிறுத்திக் கொடுத்துட்டுப் போங்க, அவங்க கால் கொப்புளம் பாத்தா நம்ம வலி ஒண்ணுமே இல்ல.

தங்குற இடத்துல காலைல கிளம்புறதுக்கு முன்னாடி கூட்டிப் பெருக்கி, பாத்ரூம் கழுவிட்டு, உண்டியல்ல முடிஞ்சதைப் போட்டுட்டு வாங்க. அடுத்த வருஷம் இன்னொரு குரூப் வந்து கேக்கும்போது அந்த ஃபாதர் சரின்னு சொல்றது இதை வெச்சுத்தான். பெண்கள் இருக்கிற குரூப்னா கதவு இருக்கிற தனி ரூம், பக்கத்துலயே பாத்ரூம், இது ரெண்டும் போன்லயே உறுதி பண்ணுங்க, இல்லன்னா லாட்ஜ் போட்டுடுங்க, இதுல சிக்கனம் வேணாம்.

போய்ச் சேர்ந்ததும்

வேளாங்கண்ணி நுழைவு ஆர்ச் வந்ததும் இறங்கிடுங்க, அங்க இருந்து தள்ளிக்கிட்டே போங்க. கூட்டத்துல ஓட்டவும் முடியாது, அதோட மாதா வாசலுக்கு நடந்து போறதுதான் அழகு. சைக்கிளை எல்லாம் ஒண்ணா சேர்த்துப் பூட்டி ஒருத்தரை மாத்தி மாத்திக் காவல் போடுங்க. சைக்கிள்ல 200 கிலோமீட்டர் ஓட்டினா ஸ்பெயின்ல சந்தியாகோ கோயில்ல சான்றிதழ் கொடுப்பாங்க, இங்க அப்படி எதுவும் கிடையாது, நோட்டுல இருக்கிற பேரை எல்லாம் மாதா பீடத்து முன்னாடி ஒவ்வொண்ணா வாசிங்க, அதுதான் வந்த வேலை.

முட்டி போட்டு மணல் பாதைல போறேன்னு நேர்ந்துக்கிட்டவங்க அன்னைக்கே பண்ணாதீங்க. அஞ்சு நாள் மடங்கி நீண்ட முட்டி அது, ஒரு ராத்திரி தூங்கி எழுந்து மறுநாள் விடியக்காலைல மணல் சூடு ஏறுறதுக்கு முன்னாடி போங்க. மொட்டை போட்டுட்டுக் கடல்ல குளிக்கிறவங்க கணுக்கால், முழங்கால் தண்ணியோட நிறுத்திக்கோங்க, அலை இழுக்கும், களைச்ச உடம்புக்கு எதிர்த்து வரத் தெம்பு இருக்காது. மாதா குளம், நடுத்திட்டு, நேர்ச்சைப் பொருள் வெச்சிருக்கிற மியூசியம் மூணும் நிதானமா பாருங்க.

திரும்புறதுக்கு சைக்கிள் மிதிக்க வேணாம். ரயில்ல கொண்டு வர்றதா இருந்தா பார்சல் ஆபீஸ்ல முந்தின நாளே விசாரிச்சிடுங்க, வேளாங்கண்ணியிலயே ஸ்டேஷன் இருக்கு, ஆனா வண்டி கம்மி, நாகப்பட்டினம் போனா வசதி. ஃபிரேம்ல பேரும் போன் நம்பரும் எழுதி ஒட்டி, பெடலைக் கழட்டி, ஹேண்டிலைத் திருப்பிக் கட்டி, செயின் பக்கத்தை சாக்கு சுத்திக் கொடுங்க. குரூப்பா வந்தவங்க ஒரு மினி லாரி பேசிட்டா தலைக்கு செலவு குறையும், சைக்கிளுக்கு நடுவுல பழைய துணி வெச்சு நிக்க வெச்சுக் கட்டுங்க. சென்னைக்கு வந்ததும் செயினைத் துடைச்சு எண்ணெய் விடுங்க, கடலோரக் காத்து பட்ட செயின் ஒரே வாரத்துல துரு ஏறிடும். அப்புறம் நோட்டுல பேர் கொடுத்தவங்க வீட்டுக்கு எல்லாம் போய் மந்திரிச்ச எண்ணெயையும் மெழுகுவத்தியையும் கையில கொடுத்துடுங்க, போன்ல சொன்னா போதும்னு விட்டுடாதீங்க.